அணியில் பெயர் இல்லாதவருக்கும் ஒரு பணி

குறுவட்டப் போட்டிக்கான அணியில் இடம் கிடைக்காத மாணவர், மறுநாள் மைதானத்துக்கே வருவதில்லை. பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளில் பணியாற்றிய ஆண்டுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் ஸ்ரீதரன் ஸ்ரீராமைப் பற்றிச் சொல்வதுண்டு.

சென்னையைச் சேர்ந்த இவர் ரஞ்சிப் போட்டிகளில் ரன் குவித்தவர். இந்தியாவுக்காக ஆடியதோ 8 ஒருநாள் போட்டிகள் மட்டுமே. பின்னர் ஆஸ்திரேலிய அணிக்குச் சுழற்பந்துப் பயிற்சியாளரானார். 2017 புனே டெஸ்டில், உணவு இடைவேளையில் இவருடன் பயிற்சி செய்து திரும்பிய ஸ்டீவ் ஓ'கீஃப், அந்தப் போட்டியில் 12 விக்கெட் வீழ்த்தினார். ஆஸ்திரேலியா வென்றது.

சென்ற ஆண்டு தேர்வாகாத ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம், ஆறாம் வகுப்பினருக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தரும் பொறுப்பை ஒப்படைத்தேன். இப்போது எனக்கு முன்பே மைதானத்தில் நிற்கிறார். நீங்களும் முயன்று பாருங்கள்.