ஒற்றை எலக்ட்ரான் ஓட்டும் வண்டி!

குட்டீஸ், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் போனால் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். அந்த வண்டிகளின் பேட்டரியில் இருப்பது லித்தியம். ஏன் லித்தியம் தெரியுமா? விடை, உங்கள் அறிவியல் புத்தகத்தின் தனிம வரிசை அட்டவணையிலேயே இருக்கிறது!

அதில் லித்தியத்தின் எண் 3. அதாவது, அணுக்கருவில் 3 புரோட்டான்கள்; சுற்றிலும் 3 எலக்ட்ரான்கள். உள்வட்டத்தில் 2, வெளிவட்டத்தில் 1. அந்த ஒற்றை எலக்ட்ரானை லித்தியம் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். அப்படிக் கிளம்பும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடித்தான் மோட்டாரைச் சுற்ற வைக்கின்றன. சார்ஜ் போட்டால் திரும்பி வந்துவிடும்!

எடையும் குறைவு. பழைய வகை பேட்டரிகளில் உள்ள காரீயத்தின் எண் 82. ஒரு காரீய அணு, சுமார் 30 லித்தியம் அணுக்களின் எடை இருக்கும்!

ஆனால், லித்தியத்தைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறோம். என்ன செய்யலாம்? அட்டவணையில் அதற்கு நேர் கீழே பாருங்கள். 11-ஆம் எண், சோடியம். அதற்கும் வெளிவட்டத்தில் ஒற்றை எலக்ட்ரான்தான்! கொஞ்சம் கனமானது, ஆனாலும் சோடியம் பேட்டரிகள் வரத் தொடங்கிவிட்டன.

சோடியம் எங்கே கிடைக்கும்? அம்மாவிடம் உப்பு ஜாடியைக் கேளுங்கள்!