இயங்குதளம் நிறுவலின்போது கணினி முடங்குதல்

புதிய கணினியில் விண்டோசு, லினக்சு போன்ற இயங்குதளத்தை நிறுவும்போது பணி பாதியில் நின்றுபோதல், நீலத்திரை தோன்றுதல், கணினி தானாக மறுதொடக்கம் ஆதல் ஆகியவை நிறுவல் முடக்கம் எனப்படும். உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிய கணினிகளில் இச்சிக்கலை அடிக்கடி காணலாம். பழி இயங்குதளத்தின் மீது விழுந்தாலும், காரணம் நினைவகம், பென் டிரைவ், பயாஸ் அமைப்பு, வெப்பம் ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

நிறுவலின்போது வெளிப்படுவது ஏன்?

நிறுவுநிரல் சுருக்கப்பட்ட பல்லாயிரம் கோப்புகளை நினைவகத்தில் விரித்து வட்டில் எழுதுகிறது. அப்போது ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்பு தவறி, கோப்பு பழுதடைந்துள்ளதாகச் செய்தி வரும். புதிய கணினிக்கு இதுவே முதல் கடுமையான சோதனை எனலாம்.

முடங்கும் இடத்தைக் கவனித்தால் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நிறுவல் கோப்பு, பென் டிரைவ் அல்லது வரைகலை இயக்கி மீது ஐயம் கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் வரிசை

1. பதிவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பின் சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் தந்துள்ள தொகையுடன் ஒப்பிட வேண்டும். பின்னர் வேறொரு பென் டிரைவில் எழுதி முயல வேண்டும்.

2. பயாசை இயல்பு அமைப்புக்குத் திருப்பி, எக்ஸ்.எம்.பி. வசதியை நிறுத்த வேண்டும். அட்டையில் அச்சிட்ட உயர்வேகத்தைப் பல நினைவக அட்டைகள் இவ்வசதியின் மூலமே எட்டுகின்றன. எல்லாத் தாய்ப்பலகையும் அதைத் தாங்குவதில்லை.

3. ஒரே ஒரு ரேம் அட்டையை மட்டும், கையேடு குறிப்பிடும் துளையில் பூட்டி முயல வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்னும் கட்டற்ற மென்பொருளை ஒரு முழுச் சுற்றாவது ஓட்ட வேண்டும். ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பை நம்பக்கூடாது.

4. செயலியின் விசிறி சுழல்கிறதா, வெப்பத்தணிப்பியின் அடியில் ஒட்டியிருந்த நெகிழித்தாள் உரிக்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும்.

5. புதிய தலைமுறைச் செயலியைப் பழைய தாய்ப்பலகையில் பூட்டியிருந்தால் பயாசைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வேளையில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செயலிழக்கக்கூடும், யு.பி.எஸ். இணைத்திருப்பது நன்று.

லினக்சு நிறுவுகையில் திரை கருமையாகி நின்றால், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் தெரிவைச் சேர்த்து முயலலாம்.

இன்டெல் செயலிச் சிக்கல்

செயலியே பழுதாக இருப்பது அரிது என்றாலும் நடப்பதுண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் நிரல்கள் திடீரென முறிந்தன. சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போதும் பிழைகள் தோன்றின. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இதற்குக் காரணம் என 2024 சூலையில் இன்டெல் தெரிவித்தது. பின்னர் நுண்நிரல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான செயலியைத் திருத்தம் சீராக்காது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

சேலம், நாமக்கல் சமவெளியில் கோடைப் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டி வருவதுண்டு. காற்றோட்டமில்லாத அறையில் பகலில் முடங்கும் நிறுவல் இரவில் நிறைவேறினால், வெப்பமே காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் நிறுவப்பட்ட கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. இவ்வாறு இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டைப் பகிரும் கணினியில் மறுநிறுவல் செய்யும்போது, தவறான பிரிவைத் தேர்ந்து அழித்தால் பாடக்குறிப்பும் திட்ட அறிக்கையும் சேர்ந்து போய்விடும். நிறுவலைத் தொடங்கும் முன் அவற்றை வேறு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும்.

உத்தரவாதம் கோருதல்

பழுதான பாகம் எதுவென உறுதியாகும் முன் புதிதாக எதையும் வாங்குவது வீண்செலவு. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிழைச் செய்தியின் ஒளிப்படமும் நினைவகச் சோதனையின் முடிவும் இருந்தால், விற்பனையாளரிடம் உத்தரவாதக் காலத்திற்குள் மாற்றுப் பாகம் கோருவது எளிதாகும்.