நிறப்பிரிகையும் நீர்மமும்

'குரோமட்டோகிராபி' என்பது நிறம், எழுத்து என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களின் கூட்டு. உருசியத் தாவரவியல் அறிஞர் சுவெட் 1903-இல் வார்சா நகரில் இம்முறையை எடுத்துரைத்தார். 1906-இல் இப்பெயரைச் சூட்டினார். சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழலில் இலைச்சாற்றை விட்டு, மேலும் நீர்மம் ஊற்ற, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. 'சுவெட்' என்னும் உருசியச் சொல்லுக்கும் நிறம் என்றே பொருள்! இன்று இம்முறையாற் பிரிக்கப்படுவனவற்றுட் பல நிறமற்றவை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது கண்ணாடிக் குழலுக்கு ஈடாக 25 சென்டிமீட்டர் நீள எஃகுக் குழல் வந்துள்ளது. உள்ளே மிக நுண்ணிய துகள்கள். நீர்மத்தைப் பம்பு அழுத்திச் செலுத்துகிறது. மாத்திரையில் உரிய அளவு மருந்து உள்ளதா என அறிய இக்கருவி பெரிதும் பயன்படுகிறது. விடை பிழைத்தால் நல்ல மருந்து ஒதுக்கப்படும். குறையுள்ளது கடைக்குப் போகும். அப்போது கருவியைப் பழிப்பது எளிது. பிழையோ பலவேளை நீர்மப் புட்டியிலேயே இருக்கும்.

500 மில்லிலிட்டர் நீரும் 500 மில்லிலிட்டர் மெத்தனாலும் கலந்தால் 1000 ஆவதில்லை. 30 மில்லிலிட்டருக்கு மேல் குறையும். இரண்டன் மூலக்கூறுகளும் நெருங்கி அமைவதே காரணம். இக்குறையைக் கண்டு ஒருவர் 1000 என்னும் கோடுவரை மெத்தனாலை ஊற்றி நிரப்புகிறார். மற்றொருவர் அப்படியே விடுகிறார். இருவர் ஏட்டிலும் 'சரிபாதி' என்றே எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலும் கையாளப்படும் குழல்களில், மெத்தனால் மிகுந்தால் மருந்து விரைவில் வெளியேறும். ஒருவர் கண்ட நேரம் மற்றவருக்கு ஒத்துவராது. ஆகவே தனித்தனியே அளந்து கலப்பதே முறை.

கலக்கும்போது வெப்பம் எழும். கரைந்திருந்த காற்றும் குமிழாக வெளிப்படும். குமிழ் பம்பினுட் புகுந்தால் ஓட்டம் தடுமாறும். நன்கு ஆறவிட்டு, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்துக் காற்றை நீக்குதல் வேண்டும். அதற்காக நெடுநேரம் வெற்றிடத்தில் வைத்தலும் தீது. மெத்தனால் ஆவியாகி விகிதம் மாறும்.

பெருங்கேடு விளைப்பது உப்பு. பாஸ்பேட் கரைசல் ஓடிய குழலில் உடனே தனி அசிட்டோநைட்ரைலைச் செலுத்தினால், உப்பு உள்ளேயே படிந்து வழி அடைபடும். இடையில், பத்திலொரு பங்கு மெத்தனால் கலந்த நீரை அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். மாலையில் வீடு செல்லும் அவசரத்தில் இதனை விடுவோர் உண்டு. இரவில் உப்பு உறைந்து பம்பின் உறுப்புகளைத் தேய்க்கும். நடுநிலைப் பாஸ்பேட் கரைசலில் சில நாட்களிற் பூஞ்சணமும் படரும். புட்டியில் நாளைக் குறித்து ஒட்டுவதும், மிச்சத்தின்மேல் புதியதை ஊற்றாது கழுவி நிரப்புவதும் நன்று.