பழைய கணினி ஏன் மறுக்கிறது?

பாடக் காணொளி ஒன்றைச் சேமித்து வைக்க எண்ணி, வீட்டிலுள்ள விண்டோஸ் 7 கணினியில் 'வைடி-டிஎல்பி' என்னும் மென்பொருளைத் திறக்கிறீர்கள். "டிஎல்எல் கோப்பு ஒன்றைக் காணவில்லை" என்ற அறிவித்தல் மட்டுமே தோன்றுகிறது. கணினி பழுதாகிவிட்டது என்று வாப்பாவிடம் சொல்வதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

வைடி-டிஎல்பி, 2006இல் தொடங்கிய 'யூடியூப்-டிஎல்' மென்பொருளிலிருந்து 2021இல் கிளைத்த இலவச மென்பொருளாகும். இது பைத்தன் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ் 7இல் இயங்கக்கூடிய இறுதிப் பைத்தன் பதிப்பு 3.8 ஆகும். 2020 ஒக்டோபரில் வெளிவந்த 3.9, விண்டோஸின் புதிய பதிப்புகளில் மட்டுமே உள்ள வசதிகளைத் தேடுகிறது. வைடி-டிஎல்பியோ இப்போது பைத்தன் 3.10 அல்லது அதற்குப் பிந்தியதையே கேட்கிறது. ஆகவே கணினி பழுதாகவில்லை. மென்பொருள் நிற்க வேண்டிய படிதான் அங்கே இல்லை.

"அப்படியானால் பழைய வைடி-டிஎல்பியைப் பயன்படுத்தலாமே?" என்று கேட்கலாம். காணொளித் தளங்கள் தமது அமைப்பை அடிக்கடி மாற்றுவதால், பழைய பதிப்பு விரைவில் பயனற்றுப் போகும்.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். காணாமற்போன கோப்பை ஏதோ ஓர் இணையத்தளத்திலிருந்து எடுத்துப் போடுகின்றனர். அதனால் கோளாறு தீராமல் போகலாம். வைரஸும் உள்ளே வரலாம். விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

சரியான வழிகள் இரண்டு உள்ளன. கணினி 64 பிட் வகையாகவும் 4 ஜிபி நினைவகம் கொண்டதாகவும் இருந்தால், லினக்ஸ் மின்ட் என்னும் இலவசப் பணிசெயல் முறைமையை நிறுவலாம். அதற்கு முன் குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்த பின்னரே நிறுவுங்கள்.

அது முடியாவிட்டால், வேறொரு புதிய கணினியில் தரவிறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். எச்.264 முறையிலான எம்பி4 கோப்பைத் தெரிவுசெய்தால், விண்டோஸ் 7இன் மீடியா பிளேயரே அதைக் காட்டும். ஏவி1 போன்ற புதிய முறைகளை அது அறியாது.

எவ்வழியாயினும், உரியவர் தரவிறக்க அனுமதித்த காணொளிகளை மட்டும் எடுங்கள். பழைய கணினியை எறிந்துவிட வேண்டியதில்லை. அதனால் முடிந்த வேலையை அதற்குக் கொடுத்தால் போதும்.