அயலகக் கல்வியும் பண்பாட்டு வேறுபாடும்
(ஜோர்டானில் பயிலும் அமெரிக்க மாணவரை முன்வைத்து ஒரு விளக்கம்)

கல்வியின் பொருட்டு நாடு கடந்து செல்லுதல் மனித இனத்தின் தொன்மையான வழக்கமாகும். பாக்தாது, கெய்ரோ, குர்துபா ஆகிய நகரங்களை நாடி அறிவு வேட்கை கொண்டோர் நெடுந்தொலைவு பயணம் செய்தமையை வரலாறு கூறுகிறது. அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் ஒரு கல்வித் திட்டமாக உருப்பெற்றது 1923ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைப் பிரான்சு நாட்டிற்கு ஓராண்டுக் கல்விக்காக அனுப்பி வைத்தது. பின்னர் 1946இல் ஃபுல்பிரைட் திட்டம் தோன்றி இப்பணியை விரிவாக்கிற்று.

நெடுங்காலம் ஐரோப்பாவையே நோக்கிய அமெரிக்க மாணவர், அண்மைக் காலத்தில் அரபு நாடுகளையும் நாடலாயினர். 2001 செப்டம்பர் நிகழ்வுகளுக்குப் பின் அங்கு அரபு மொழி பயில்வோர் தொகை பெருகியது. அமெரிக்கக் கல்லூரிகளில் 2002இல் 10,584ஆக இருந்த அரபு மொழிச் சேர்க்கை, 2006இல் 23,974ஆக உயர்ந்தது. 2011இல் சிரியாவில் போர் மூண்டதும், 2013இல் எகிப்தில் கொந்தளிப்பு எழுந்ததும், டமாஸ்கசையும் கெய்ரோவையும் நாடியோரில் பலரை ஜோர்டானின் தலைநகரான அம்மானுக்குத் திருப்பின. அங்கு அம்மாணவர் எதிர்கொள்ளும் பண்பாட்டு வேறுபாடுகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

மொழியில் தொடங்கும் வியப்பு

அமெரிக்க வகுப்பறையில் ஈராண்டு அரபு பயின்று வருபவர், அம்மான் கடைத்தெருவில் வாய் திறந்ததும் திகைக்கிறார். அவர் கற்றது செவ்வியல் மரபினதாகிய ‘ஃபுஸ்ஹா’. கடைக்காரர் பேசுவது ‘ஆம்மிய்யா’ எனும் வழக்கு மொழி. செய்தித்தாளைப் படிக்க வல்லவர் தக்காளி வாங்க இயலாமல் நிற்கிறார். ஒரே மொழி எழுத்திற்கொன்றும் பேச்சிற்கொன்றுமாக இரு நிலைகளில் வழங்கும் இத்தன்மையைச் சார்ல்ஸ் ஃபெர்குசன் எனும் அமெரிக்க மொழியியலார் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. செந்தமிழும் கொடுந்தமிழும் நம் மொழியிலும் உள்ளன அல்லவா? எனினும் பேச்சும் எழுத்தும் ஏறத்தாழ ஒன்றியிருக்கும் ஆங்கிலச் சூழலிலிருந்து வருபவர்க்கு இஃது ஒரு பெருந்தடை.

அழைக்கும் முறையும் வேறுபடுகிறது. அமெரிக்க மாணவர் பலர் தம் ஆசிரியரையே பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர். ஜோர்டானிலோ பேராசிரியர் ‘தக்தூர்’, இல்லத்தலைவர் ‘அபூ அஹ்மத்’, தலைவி ‘உம்மு அஹ்மத்’ என மூத்த மகனின் பெயரால் சுட்டப்படுகின்றனர். பிள்ளையின் பெயரை முன்னிட்டுத் தாயை விளிக்கும் நம் இல்லங்களின் வழக்கை இஃது ஒத்திருத்தல் காண்க.

காலமும் சொல்லும்

எட்வர்டு ஹால் எனும் அமெரிக்க மானிடவியலார், ஒரு நேரத்தில் ஒரு செயல் என வகுத்துக்கொண்டு வாழும் சமுதாயங்களையும், ஒரே நேரத்தில் பல மனிதர்க்கும் பல செயல்களுக்கும் இடந்தரும் சமுதாயங்களையும் பிரித்துக் காட்டினார். அமெரிக்கர் முதல் வகையினர். அரபியர் இரண்டாம் வகையினர். அலுவலகத்திற்குச் செல்லும் மாணவர், தம்மோடு பேசிக்கொண்டிருக்கும் அலுவலர் இடையில் வந்த மூவரை வரவேற்று நலம் உசாவுவதைக் கண்டு, தாம் புறக்கணிக்கப்பட்டதாக எண்ணுகிறார். அலுவலரோ, வந்தவரை வாழ்த்தாதிருப்பதே பெரும்பிழை எனக் கருதுகிறார்.

‘இன்ஷா அல்லாஹ்’ எனும் சொல்லும் மாணவரைக் குழப்புகிறது. நாளை செய்வதாகக் கூறும்போது இறைவன் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லுமாறு திருக்குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயம் அறிவுறுத்துகிறது. எதிர்காலம் மனிதன் கையில் இல்லை என்னும் பணிவே அதன் பொருள். ஆயினும் அன்றாட வழக்கில், மறுப்பை நேரே கூற மனமில்லாதோர் அதனை மென்மையான மறுப்பாகவும் பயன்படுத்துகின்றனர். எது உறுதி, எது மறுப்பு என்பதைக் குரலையும் முகத்தையும் கொண்டே அறிதல் வேண்டும். பணிவைக் காட்டும் ஒரு தூய சொல், தட்டிக்கழிக்கும் கருவியாகுமாயின் அயலார் நம் வாக்கையே ஐயுறுவர். நம் சமுதாயத்துப் பெரியோரும் சிந்திக்கத் தக்க செய்தி இது.

விருந்தும் உபசரிப்பும்

ஜோர்டானின் தலைசிறந்த விருந்துணவு ‘மன்ஸஃப்’ ஆகும். ‘ஜமீது’ எனப்படும் உலர்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்த சாற்றில் ஆட்டிறைச்சியை வேகவைத்து, ரொட்டியும் சோறும் பரப்பிய பெருந்தட்டில் இட்டுப் பலரும் சூழ்ந்து வலக்கையால் உண்பர். யுனெஸ்கோ 2022இல் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. தனித்தட்டும் முட்கரண்டியுமாக வளர்ந்த மாணவர்க்கு இப்பகிர்வு முதலில் தயக்கத்தையும், பின் உவகையையும் தருகிறது.

தட்டில் எதையும் மிச்சம் வையாதே என்பது அமெரிக்கச் சிறார் பலர் கேட்டு வளரும் அறிவுரை. ஜோர்டானில் தட்டு வெறுமையானால் விருந்தினர்க்கு இன்னும் பசி எனக் கொண்டு மீண்டும் இடுவர். மாணவர் மரியாதைக்காக உண்டு தீர்க்க, இல்லத்தார் மரியாதைக்காக நிரப்ப, இருவரும் நல்லெண்ணத்தாலேயே இடர்ப்படுகின்றனர்! அரபுக் காப்பியிலும் இவ்வாறே. போதும் எனில் சிறு கோப்பையை இலேசாக அசைத்துத் திருப்பித் தருதல் வேண்டும். அன்றேல் ஊற்றிக்கொண்டே இருப்பர்.

தனிமையும் நெருக்கமும்

அமெரிக்கப் பண்பாட்டில் தனியறை, தன் நேரம் ஆகியன உரிமைகளாக மதிக்கப்படுகின்றன. பதினெட்டு வயதில் பெற்றோர் இல்லம் விட்டுச் செல்லுதல் அங்கு இயல்பு. ஜோர்டானில் மணமாகும் வரை பெற்றோருடன் வாழ்தலே பெருவழக்கு. ஆகவே மாணவர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால், அவருக்கு உடல் நலமில்லையோ, வீட்டு நினைவோ எனக் கவன்று இல்லத்தார் தேநீருடன் வருகின்றனர். ‘மணமாயிற்றா? வாடகை எவ்வளவு?’ என்னும் வினாக்கள் அங்கு அக்கறையின் வெளிப்பாடு. அமெரிக்க மாணவர்க்கோ அத்துமீறல்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. அமெரிக்காவில் ‘நலமா?’ எனக் கேட்பவர் விடைக்காக நில்லாது நடந்து விடுவர். அங்குப் பயிலச் செல்லும் அரபு மாணவர் இதனைக் கண்டு, இம்மக்கள் அன்பற்றவர் என முடிவு செய்தல் கூடும். அதுவும் பிழையே. அங்கு அச்சொல் வணக்கம் போன்றது, வினா அன்று.

தண்ணீர் கற்பிக்கும் பாடம்

உலகில் நீர்வளம் மிகக் குறைந்த நாடுகளுள் ஜோர்டான் ஒன்று. அங்கு ஆள் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நீர் 100 கன மீட்டருக்கும் குறைவு. 500 கன மீட்டருக்குக் கீழானதே கடும் பற்றாக்குறை எனக் கணிக்கப்படுகிறது. அம்மான் வீடுகள் பலவற்றிற்கு வாரத்தில் ஒரு முறையே குழாய் நீர் வருகிறது. மாடித் தொட்டிகளில் அதனைச் சேமித்து வைக்கின்றனர். அமெரிக்கரோ தத்தம் இல்லங்களில் நாளொன்றுக்கு ஆள் ஒருவர்க்குச் சுமார் 300 லிட்டர் பயன்படுத்துவோர். மாணவர் நெடுநேரம் நீராடினால், குடும்பத்தின் வார இருப்பே குறைந்து விடும். விருந்தினரைக் கடிந்து பேச இல்லத்தார் கூசுவர். பண்பாடு என்பது பழக்கவழக்கம் மட்டுமன்று. மண்ணும் மழையும் வகுத்த ஒழுங்கும் ஆகும் என்பதை மாணவர் இங்ஙனம் உணர்கிறார்.

அதிர்ச்சியும் தெளிவும்

இத்தகைய தடுமாற்றத்தைப் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்பர். கலெர்வோ ஓபெர்க் எனும் மானிடவியலார் இதனை நான்கு நிலைகளாக விளக்கினார். முதலில் எல்லாம் இனிக்கும். அடுத்து எல்லாம் கசக்கும். பின்னர் மெல்லத் தெளிவு பிறக்கும். இறுதியில் இயைபு உண்டாகும். தாய்நாடு திரும்பும்போதும் இத்தகைய அதிர்ச்சி நேர்வதை 1963இல் கல்லஹார்ன் இணையர் எடுத்துக்காட்டினர். ஒருகாலத்தில் தனித்தட்டில் நிறைவு கண்டவர்க்கு, ஊர் திரும்பிய பின் அத்தனித்தட்டே வெறுமையாகத் தோன்றலாம்.

இரண்டாம் நிலையிலேயே பயணத்தை முடித்துக்கொள்வோர், ‘இம்மக்கள் இத்தகையர்’ என்னும் தீர்ப்புடன் வீடு திரும்புவர். அத்தீர்ப்பு அவரோடு நில்லாது, அவர் எழுதும் செய்தியிலும் வகிக்கும் பதவியிலும் தொடரும். பொறுத்திருந்து காரணம் வினவுவோரே பிற மக்களைத் தம் நாட்டார்க்கு உள்ளவாறு எடுத்துரைக்க வல்லவர்.

மாந்தர் பல இனத்தவராகவும் கிளையினராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. நம் மாணவரும் வளைகுடாவிற்கும் அமெரிக்காவிற்கும் மலேசியாவிற்கும் கற்கவும் பணியாற்றவும் செல்கின்றனர். அம்மானில் அமெரிக்கர் அடையும் திகைப்பை அவர்களும் வேறு வடிவில் அடைவர். அப்போது, ‘இவர் ஏன் இவ்வாறு செய்கிறார்?’ என்னும் வினாவை முதலில் எழுப்பி, தீர்ப்பைப் பின்னுக்குத் தள்ளுவார்களாயின், பட்டத்தோடு பண்பாட்டறிவும் பெற்றுத் திரும்புவர். அத்தகைய மாணவரை உருவாக்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.