3060ஆ, 4060ஆ? இலக்கத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

பெரிய இலக்கம் போட்ட சாமான் என்றால் அது நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்பது நம்மவர்களிடம் ஊறிப்போன எண்ணம். கம்பியூட்டருக்குப் போடும் கிராபிக்ஸ் கார்ட் விடயத்தில் இந்த எண்ணம் பல ஆயிரம் ரூபாவை வீணாக்கிவிடும்.

வெள்ளவத்தையில் பிள்ளைக்குக் கம்பியூட்டர் வாங்கப் புறப்படும் தகப்பனும், கொட்டாஞ்சேனையில் கலியாண வீடியோ எடிட் பண்ணும் இளைஞரும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். என்விடியா கம்பனியின் ஆர்.ரி.எக்ஸ். 3060 நல்லதா, 4060 நல்லதா? 2025 மே மாதத்தில் 5060 வந்துவிட்டது. ஆனாலும் பாவித்த சாமான்களில் முந்தைய இரண்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இந்த வாரம் இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

3060 வந்தது 2021 பெப்ரவரியில். அமெரிக்காவில் அறிவித்த விலை 329 டொலர். நினைவகம் 12 ஜீ.பீ. 4060 வந்தது 2023 ஜூனில். விலை 299 டொலர். நினைவகம் 8 ஜீ.பீ. மட்டுமே. புதியது வரும்போது நினைவகம் கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே குறைந்திருக்கிறது.

நமது பாஷையில் சொன்னால் கார்டின் நினைவகம் என்பது கடையின் களஞ்சிய அறை. களஞ்சியத்திலிருந்து சாமான் வரும் பாதையின் அகலம் 3060இல் 192 பிட். 4060இல் 128 பிட். ஒரு செக்கனுக்கு 3060 அந்தப் பாதையால் 360 ஜீ.பீ. தகவலைக் கொண்டுவரும். 4060 கொண்டுவருவது 272 ஜீ.பீ.

அப்படியானால் 4060 எப்படி வேகமாக ஓடுகிறது? அடிக்கடி விலைப்படும் துணியைக் களஞ்சியத்தில் வைக்காமல் முன் ராக்கையில் அடுக்கி வைக்கும் முதலாளியை நினைத்துப் பாருங்கள். 4060இன் சிப்புக்குள்ளேயே 24 எம்.பீ. அளவில் அப்படியொரு ராக்கை இருக்கிறது. 3060இல் அது 3 எம்.பீ. தான். சிப்பும் புதிய முறையில் செய்யப்பட்டது. அதனால் சாதாரண 1080 அளவுத் திரையில் கேம் விளையாடும்போது 4060 ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் முந்துகிறது. பழையது செக்கனுக்கு 60 படம் காட்டினால் புதியது சுமார் 70 காட்டும். இதைவிட இரண்டு படங்களுக்கு நடுவே கார்ட் தானாகவே ஒரு படத்தை உண்டாக்கிச் செருகும் வசதியும் 4060இல் உண்டு. கேமும் அதற்கு இடம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். விளம்பரங்களில் காட்டும் இரண்டு மடங்கு வேகம் பெரும்பாலும் இந்தச் செருகிய படங்களின் கணக்குத்தான்.

ஆனால் களஞ்சியம் நிறைந்துவிட்டால் கதை மாறும். 4கே வீடியோவை நிறத்திருத்தத்தோடு எடிட் பண்ணுபவர்கள், முப்பரிமாணப் படம் வரைபவர்கள், செயற்கை நுண்ணறிவு மென்பொருளைத் தமது கம்பியூட்டரிலேயே ஓட்டுபவர்கள், இவர்களுக்கு 8 ஜீ.பீ. சீக்கிரம் போதாமல் போகும். அந்நேரம் வேகமான கார்ட் திக்கும். பழைய 12 ஜீ.பீ. கார்ட் நிதானமாக வேலையை முடிக்கும். புதிய 5060இலும் 8 ஜீ.பீ. தான் என்பதைக் கவனிக்கவும்.

மதர்போர்ட்டையும் பார்க்க வேண்டும். 4060 கார்ட் மதர்போர்டோடு எட்டு வழிகளில்தான் பேசுகிறது. 3060க்குப் பதினாறு. பழைய அலுவலகக் கம்பியூட்டரை வாங்கி அதில் கார்டைச் சொருகுவது நம்மவர்களின் வழக்கம். அப்படிப்பட்ட பழைய போர்ட்டில் ஒவ்வொரு வழியின் வேகமும் பாதியாகிவிடுவதால், நினைவகம் நிறையும் வேளையில் 4060 கூடுதலாகத் தடுமாறும்.

மின்சாரக் கணக்கில் வெல்வது 4060. முழு வேலை செய்யும்போது 3060க்கு 170 வோட்ஸ், 4060க்கு 115 வோட்ஸ். வித்தியாசம் 55. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால் 30 நாளில் 13 அலகுக்குச் சற்று மேல். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பட்ட பாடு நமக்கு மறக்காது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கடைசியில் சேரும் அலகுகள்தான் கூடிய விலைக்குக் கணக்கிடப்படும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் விளையாடும் பிள்ளைக்கு இது ஒரு பெரிய தொகை அல்ல.

இனி ஏமாறும் இடத்துக்கு வருவோம். 2022 ஒக்டோபரில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜீ.பீ. கார்ட் ஒன்றும் வந்தது. அதன் பாதை 128 பிட். செக்கனுக்கு 240 ஜீ.பீ. மட்டுமே. பெயர் ஒன்று, சாமான் வேறு. பில்லில் வெறுமனே "3060" என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். 12 ஜீ.பீ. என்று எழுதச் சொல்லுங்கள். ஜீ.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டினால் நினைவகமும் பாதை அகலமும் திரையில் தெரியும்.

அடுத்தது பாவித்த கார்ட். 2021இல் எத்தீரியம் நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்ட்கள் உலகெங்கும் ஏராளம். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி அந்த நாணயம் கார்ட் தேவைப்படாத முறைக்கு மாறியது. தொழில் ஒரே நாளில் நின்றது. கார்ட்கள் சந்தைக்கு வந்தன. அதே வருடம் மார்ச்சில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. 329 டொலர் கார்ட், வரி சேர்க்காமலே 65,800 ரூபாவிலிருந்து 1,18,440 ரூபாவானது. இவ்வளவு காசு போகும் சாமானை வாங்குபவர், 'இது எங்கே, எதற்கு ஓடியது?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்காமலே அதைச் சொல்ல வேண்டியவர் விற்பவர். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது என்பது நமது கடைத்தெரு அறிந்த பாடம்தானே.

பாவித்த கார்ட் என்றால் கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விசிறியின் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். தொடரிலக்கம் எழுதிய பில்லும், எழுத்தில் உத்தரவாதமும் கேளுங்கள்.

முடிவு இதுதான். படிப்பு, கேம், நாளாந்த வேலை என்றால் உத்தரவாதத்தோடு 4060. வீடியோவிலும் முப்பரிமாணத்திலும் உழைத்துச் சாப்பிடுபவர் என்றால், ஒழுங்காகப் பாவிக்கப்பட்ட 12 ஜீ.பீ. 3060. எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் மட்டும் கம்பியூட்டர் வாங்குபவருக்கு இரண்டுமே தேவையில்லை. அந்தக் காசு அவர் கையிலேயே இருக்கட்டும்.