மாடுகளின் குறட்டை நோய்

ஏர்மாடு மூக்கில் சளி ஒழுகக் குறட்டை விடுமாயின், அதனை வெறும் ஜலதோஷமெனத் தள்ளிவிடலாகாது. மூக்கின் இரத்தக் குழாய்களில் தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்த நூல்போன்ற புழுக்கள், ஆணும் பெண்ணும் பிணைந்தே வாழ்வது இதற்குக் காரணமாகலாம். சென்னையில் எம். அனந்தநாராயண ராவ் 1933-ஆம் ஆண்டில் இப்புழுவை விவரித்தார். சளியோடு நீரில் விழும் முட்டை பொரிந்து வரும் குஞ்சு, குட்டையிலுள்ள தட்டைச்சுருள் நத்தையுட் புகுந்து பெருகும். பின் வெளிவந்து, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்லும். எருமைக்கும் இப்புழு உண்டு; ஆயின் அது பெரும்பாலும் குறட்டை விடுவதில்லை. ஐயுறுவாரின்றி அதுவே குட்டையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். ஆம்பூரில் தோலுக்கு விலை பேசுவோர் மூக்கைப் பாரார். உழவு தளர்ந்த நஷ்டம் குடியானவருக்கே. பாலாற்றுப் பக்கத்துக் குடியானவர்கள் கிணற்று நீரைத் தொட்டியில் வார்த்துக் காட்டுவது நலம். கிராமத்தார் பொதுக்குட்டையில் நத்தை தின்னும் வாத்துகளை விடலாம். குறட்டை கண்ட மாட்டின் சளியைக் கால்நடை மருத்துவமனையில் தாமதமின்றிப் பரிசோதிப்பிக்க வேண்டும். உடன் மேய்ந்த எருமையின் சளியையும் கூடவே கொடுக்கவும்.